பேப்பர் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

ஆபீசுக்கு வா என்று கம்பெனி கூப்பிட்டால் போக வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய அநியாயம்? இப்படிக் கேட்பவர்களில் முதல் வரிசை எங்கள் வங்கிக்காரர்கள்தான். காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது நாங்கள் கிளையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். வீட்டிலிருந்து வேலை என்பது எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. மேளச் சத்தம் கேட்கும், பந்தியில் இலை கிடையாது.

ஆகவே வீடு நல்லதா ஆபீஸ் நல்லதா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே நடத்தப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு மூத்த ஆள் உட்கார்ந்திருந்தால்தான் தொழில் பிடிபடும் என்பது என் கட்சியும்தான். நான் சொல்ல வருவது வேறு. ஆளைக் குறைக்க வேண்டும், அதற்கு உண்டான பணத்தையும் தரக்கூடாது என்று நினைக்கிற நிர்வாகம் "ஆபீசுக்கு வா" என்ற உத்தரவைக் கையில் எடுத்தால், அது ஹாஜர் சமாசாரம் இல்லை. ஆட்குறைப்பு. அதை ஆட்குறைப்பு என்றே காகிதத்தில் எழுதி, கணக்கைத் தீர்த்து அனுப்ப வேண்டும். வர முடியாதவரிடம் ராஜினாமா எழுதி வாங்குவது, கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் ரசீதை மட்டும் வாங்கிக்கொள்கிற வேலை.

"பேங்க்ல உக்காந்துகிட்டு ஐ.டி. கம்பெனியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தங்கமணியே கேட்டாயிற்று. ஐ.டி. தெரியாதுதான். ஆனால் அங்கே வேலை போனவர்களின் வீட்டுக்கடன் என் மேஜைக்கு வருகிறது. புனேயில் ஹிஞ்சவடி, வாகட் பக்கம் வீடு வாங்கிய நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. மூன்று மாதத் தவணை நின்றால் போன் செய்ய வேண்டியவன் நான்.

சில மாதங்களுக்கு முன்னால் அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) என் மேஜைப் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு, ஹிந்தியில் ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, "சார் தமிழா?" என்றார். திருநெல்வேலிப் பக்கம். கணவர் சாகனில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். இவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் 11 வருடம். ஆரம்பத்தில் ஹைதராபாத்தில் இருந்தவர், ஊரடங்கில் மேலதிகாரியின் ஈமெயில் அனுமதியோடு புனேக்கு வந்து குடும்பத்தோடு சேர்ந்தார். 2021ல் இங்கேயே இருவர் பெயரிலும் ஃப்ளாட். மாதத் தவணை 42,000 ரூபாய். பெண் ஒன்பதாவது படிக்கிறாள், மராத்தி இரண்டாம் பாடம்.

கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்டது. அடுத்த மாதமே இவருக்கு ஒரு கடிதம்: உங்கள் அடிப்படை அலுவலகம் ஹைதராபாத், 30 நாளில் அங்கே வந்து சேரவும். பிறகு எச்.ஆர். ஆசாமி வீடியோவில் வந்து, வருகிறீர்களா, இல்லை பேப்பர் போடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லையென்றால் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும், ரிலீவிங் லெட்டரில் பிரச்சினை ஆகலாம் என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்.

"நானே பேப்பர் போட்டுட்டேன் சார். பதினோரு வருஷம் நல்ல பேரோட இருந்துட்டு, தொரத்திவிட்டாங்கன்னு ஆகறதுக்கு இது மேல்னு தோணிச்சு" என்றார்.

அவர் வந்த விஷயம் வேறு. கடன் வாங்கும்போது கூடவே ஒரு காப்பீடு எடுத்திருந்தார். வேலை போனால் மூன்று தவணையை காப்பீட்டுக் கம்பெனி கட்டும் என்று சொல்லி விற்றது. பாலிசியை வாங்கிப் பார்த்தேன். இந்த வகைப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் வரி அதிலும் இருந்தது. தானாக விலகினால் பொருந்தாது. விருப்ப ஓய்வில் போனால் பொருந்தாது. வேலைத்திறன் சரியில்லை என்று நீக்கப்பட்டால் பொருந்தாது. ஆட்குறைப்பு என்று முதலாளி எழுதித் தந்தால் மட்டும் பொருந்தும். அந்த அம்மாவின் கையிலிருந்த கடிதத்தில், நீங்கள் சமர்ப்பித்த ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. மூன்று தவணை, 1,26,000 ரூபாய் அங்கேயே போயிற்று. அது சின்னத் தொகை. பெரிய தொகை எது என்று பார்ப்போம்.

எங்கள் பி.காம். காலத்தில் தொழிற்சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படித்து மறந்துபோன சங்கதி. அதில் 1947ஆம் வருடத்துத் தொழிற்தகராறுச் சட்டம் வரும். (அந்தச் சட்டப்படி லே-ஆஃப் என்றால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. இன்று எல்லோரும் லே-ஆஃப் என்று சொல்வதற்குச் சட்டத்தில் ஆட்குறைப்பு என்று பெயர். இந்தப் பெயர்க் குழப்பமே பாதிப் பேருக்குத் தங்கள் உரிமை தெரியாமல் போனதற்குக் காரணம் என்பேன்.) அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 2020ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ல்தான் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான ஊதியம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம். இது பழைய சட்டத்திலும் இருந்ததுதான். புதிதாக, மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் ஊதியம் 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். இதோடு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து போகிறவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும். இந்தக் கடைசி விதி ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. ஒன்றரை மாதம் இழுத்தடிக்கும் கம்பெனிகளுக்கு இதை ஞாபகப்படுத்தலாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இது அந்த அம்மாவின் சம்பளம் இல்லை, உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது. மாத மொத்தச் சம்பளம் 1,20,000 என்று வையுங்கள். வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும் என்கிறது புதுச் சட்டம். ஆக ஊதியம் குறைந்தது 60,000. 15 நாளைக்கு 30,000 வீதம் 11 வருடத்துக்கு 3,30,000. நோட்டீஸ் ஊதியம் 60,000. மறுபயிற்சி நிதி 30,000. மொத்தம் 4,20,000. கிராஜுவிட்டி தனி. அது 15ஐ 26ஆல் வகுக்கும் கணக்கில் சுமார் 3,80,000 வரும், ஆனால் ஐந்து வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு.

அதாவது ஆட்குறைப்பு என்ற வார்த்தைக்கும் ராஜினாமா என்ற வார்த்தைக்கும் நடுவில் 4,20,000 ரூபாய் நிற்கிறது. 42,000 ரூபாய் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது பத்து மாதம். சட்டம் சொல்லும் குறைந்தபட்சமே இவ்வளவு. கம்பெனி தன் கொள்கைப்படி இதற்கு மேல் செவரன்ஸ் அறிவித்திருந்தால் அதுவும் ராஜினாமாக் கடிதத்தோடு போய்விடும். போதாததற்கு, நாமாக விலகினால் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் நாம்தான் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தச் சம்பளத்தை நம்மிடம் பிடிப்பார்கள். பணம் வர வேண்டிய இடத்தில் போகிறது.

இது தொழிலாளிகளுக்குத்தானே, நான் டீம் லீட், எனக்கெங்கே பொருந்தும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? எச்.ஆர். சொல்வதும் அதுதான். சட்டம் பார்ப்பது விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவியை அல்ல, தினசரி நீங்கள் செய்யும் வேலையை. நிர்வாகம் செய்பவர் வெளியே போவார். மேற்பார்வை பார்ப்பவர், மாதம் 18,000க்கு மேல் வாங்கினால் அவரும் வெளியே. ஆனால் தொழில்நுட்ப வேலை, எழுத்து வேலை செய்பவருக்குச் சம்பள வரம்பே இல்லை. 2015ல் டி.சி.எஸ்.சில் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒருவருடைய வழக்கு இதற்கு நல்ல சாட்சி. அவர் நிர்வாகப் பதவியில் இருந்தார், தொழிலாளி இல்லை என்று கம்பெனி வாதாடியது. சென்னை தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வர ஏழு வருடம். ஏழு வருடம் எந்தக் குடும்பம் தாங்கும் என்பதும் நியாயமான கேள்விதான். அதனால்தான் சண்டையைக் கோர்ட்டில் ஆரம்பிக்காமல், அந்த வீடியோ கூட்டத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையை எங்கே வைத்து வாங்குவது என்பது பொதுவாக முதலாளியின் உரிமை. நியமனக் கடிதத்தில் "இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் மாற்றலாம்" என்ற வரி அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். எனக்கும் இருக்கிறது. நாக்பூர், இந்தூர், இப்போது புனே என்று அந்த ஒரு வரியால்தான் என் பிள்ளைகள் மூன்று ஊர் பள்ளிக்கூடம் பார்த்தார்கள். ஆனால் வங்கியில் மாற்றல் உத்தரவு வந்தால் கூடவே சேரும் அவகாசம் வரும், குடும்பத்துக்கு டிக்கெட் வரும், சாமான் ஏற்றும் லாரிக் காசு வரும், வீட்டு வாடகைக்கு வழி இருக்கும். பிள்ளையின் படிப்பாண்டு முடியும்வரை பழைய ஊர் வீட்டை வைத்துக்கொள்ள விண்ணப்பம் போடலாம். உத்தரவு போடுகிறவனுக்கும் அந்த உத்தரவால் செலவு உண்டு. செலவு இருந்தால்தான் யாரை எதற்குக் கூப்பிடுகிறோம் என்று யோசிப்பான். "30 நாளில் ஹைதராபாத் வா" என்று ஒரு ஈமெயில் அனுப்ப எச்.ஆருக்கு ஒரு பைசா செலவில்லை. என் ஆட்சேபம் அங்கேதான்.

பெரிய கம்பெனிகளே என்ன சொல்லி எப்படி மாறின என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் டி.சி.எஸ்., 2025க்குள் எங்கள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. அந்த மாதிரி அறிவிப்புகளை நம்பித்தான் எத்தனையோ பேர் ஊருக்குப் போனார்கள். கோவை, மதுரை, திருச்சியில் வீடு கட்டினார்கள், வயதான அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் அதே கம்பெனி வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றது. 2024ல் காலாண்டு ஊக்கத்தொகையை ஹாஜரோடு முடிச்சு போட்டது. 60 சதவீதத்துக்குக் கீழே வந்தவருக்கு அந்தத் தொகை கிடையாது. 2025 ஜூனில், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது வருடத்துக்கு 35 நாளைத் தாண்டக்கூடாது என்ற விதி. பெஞ்சில் இருப்பவர் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். அடுத்த மாதம், 2025 ஜூலையில், மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவிப்பு. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகள். இதெல்லாம் திட்டம் போட்டு வரிசையாக நடந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. ஆனால் முதல் அறிவிப்பை நம்பி வீட்டுக்கடன் வாங்கிய நாற்பது வயதுக்காரருக்கு இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: அவர் 2020ல் கேட்ட வார்த்தைக்கு இன்று மதிப்பில்லை.

வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. 2024 நவம்பரில் ஈலான் மஸ்கும் விவேக் ராமசாமியும் சேர்ந்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். அரசு ஊழியர்களை வாரம் ஐந்து நாள் ஆபீசுக்கு வரச் சொன்னால் நிறையப் பேர் தாங்களாகவே விலகுவார்கள், அதை வரவேற்கிறோம் என்று. மற்றவர்கள் மனசில் வைத்திருப்பதைப் பச்சையாக அச்சடித்தார்கள், அந்த மட்டில் சந்தோஷம். வேடிக்கை என்னவென்றால் 2025 ஜனவரியில் அந்த அரசாங்கம் எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டபோது, விலக விரும்புபவர்களுக்கு செப்டம்பர் 30 வரை, ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம் தருகிறோம் என்றும் சொன்னது. சுமார் 75,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். அதன் மேல் ஆயிரம் விமர்சனம் உண்டு, கோர்ட் வரை போனது. இருந்தாலும் "போ" என்று சொல்லும்போது ஒரு தொகையையாவது மேஜையில் வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டிலேயே, எங்கள் துறையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2000-01ல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நான் அதற்குப் பிறகு சேர்ந்தவன், மூத்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வுக்கு மீதமிருக்கும் மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டியவரும் உண்டு, தெரியாத வியாபாரத்தில் போட்டுத் தொலைத்தவரும் உண்டு. ஆனால் வங்கிகள் ஆள் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் குறைத்தன. வருடத்துக்கு 60 நாள் எங்கே, சட்டம் தரும் 15 நாள் எங்கே? அந்த 15 நாளையும் தராமல் தப்பிக்கத்தான் இந்த ஹாஜர் நாடகம் என்றால், கோபம் வருமா வராதா?

கூகுளும் மெட்டாவும் 2022-23ல் அமெரிக்காவில் ஆட்குறைப்பு செய்தபோது 16 வாரச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு வாரம் என்று அறிவித்தன. நம் சட்டத்தின் வருடத்துக்கு 15 நாளும் அந்த இரண்டு வாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்மிடம் இல்லாதது அந்த முதல் 16 வாரம். வேலை தேடும் காலத்துக்குச் சோறு போடுவது அதுதான். என்னைக் கேட்டால், ஊர் மாற்றி வரச் சொல்லி, வர முடியாதவருக்கு மூன்று மாதச் சம்பளத்தோடு வருடத்துக்கு ஒரு மாதம் என்று வைக்க வேண்டும். அதைத் தர மனமில்லாத கம்பெனி, இருந்த இடத்திலேயே வேலையைக் கொடுக்கட்டும்.

இதில் அடி அதிகம் வாங்குவது நம்மைப் போல வெளியூரில் வேர் பிடித்த குடும்பங்கள். சொந்த ஊரிலேயே இருப்பவனை ஆபீசுக்குக் கூப்பிட்டால் அவனுக்குப் பஸ் செலவு. நமக்கு இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் திருப்பூரில் வீடு கட்டிவிட்டு, இங்கே வாகடில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறார். கோவை எக்ஸ்பிரசில் ஒரு நாளுக்கு மேல் பயணம், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையைப் பார்க்கிறார். புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர் என்று ஆகும்போது, யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்று பேச்சு வரும். அந்த "யாராவது" அநேகமாக எந்த வீட்டிலும் ஆண் இல்லை. மேலே சொன்ன அம்மாவுக்கும் வீட்டில் அதே பேச்சு நடந்திருக்கிறது. எச்.ஆருக்கு இதெல்லாம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

அதோடு நம் ஆட்களின் மான உணர்ச்சி. துரத்தினார்கள் என்று பெயர் வரக்கூடாது, நானாகவே விட்டேன் என்று இருக்க வேண்டும். ஊரில் அத்தை கேட்டால், சித்தப்பா கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும். அந்த வசதிக்கு விலை 4,20,000 ரூபாய் என்று தெரிந்தால் அத்தையே வேண்டாம் என்பார். 2025ல் ஆட்குறைப்பில் போனவர் என்று சொன்னால் இன்னொரு கம்பெனி எச்.ஆர். யாரும் மூக்கில் விரல் வைக்கப் போவதில்லை, அவர்கள் கம்பெனியிலும் அதே கதைதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அந்தக் கூட்டத்தில் எதிலும் கையெழுத்து போடாதீர்கள், "ஆக்செப்ட்" பொத்தானையும் அழுத்தாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் போதும். சத்தம் போட வேண்டாம், அழவும் வேண்டாம். பேசி முடித்த அன்றைக்கே, இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார் என்று அவர்களுக்கே ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், இன்ன காரணத்தால் ஊர் மாற இவ்வளவு அவகாசம் வேண்டும் அல்லது இருக்கும் இடத்திலிருந்தே தொடர அனுமதி வேண்டும் என்று அதில் எழுதுங்கள். "வர மாட்டேன்" என்று எழுதாதீர்கள். அது அவர்களுக்கு லட்டு. நியமனக் கடிதம், சம்பள ரசீதுகள், முன்பு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்த கடிதம் இவற்றின் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கம்பெனியின் தொழில் ஆவணம் எதையும் எடுக்காதீர்கள், அதைச் சாக்காக வைத்தே அனுப்பிவிடுவார்கள்.

சர்வீசை நாள் கணக்கில் எண்ணுங்கள். ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போகச் சொன்னால் கிராஜுவிட்டியும் போகும். 1998ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஐந்து வருடமாகவே கொள்ளலாம் என்றது. எல்லாக் கம்பெனியும் இதைத் தானாக ஒத்துக்கொள்ளாது, நாம் கேட்க வேண்டும்.

பணம் வந்துவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: முதலில் கடனை அடை. வங்கிக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன், அடைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கடன்களிலேயே வட்டி குறைந்தது அநேகமாக வீட்டுக்கடன்தான். அதில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மூன்றாம் மாதம் மளிகைக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தால், குறைந்த வட்டியை அடைத்து மிக அதிகமான வட்டியை வாங்கியதாக ஆகும். மாறும் வட்டிக் கடனை எப்போது அடைத்தாலும் அபராதம் கிடையாது, வேலை கிடைத்த பிறகு அடைத்துக்கொள்ளலாம். பணத்தை டெபாசிட்டில் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, மாதத் தவணைக்கு ஒவ்வொன்றாக எடுங்கள். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகைக்குச் சட்டக் கணக்கின்படி 5 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு. கம்பெனி வரி பிடித்துவிட்டால் ஆடிட்டரிடம் காட்டுங்கள். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும். அதற்கு முன்னாலேயே தனி பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள், அப்பா அம்மா அதில் இருந்தால் இன்னும் அவசரம்.

கிளைக்கு வர வெட்கப்படாதீர்கள். முதல் தவணை திரும்புவதற்கு முன்னால் வந்தவருக்கும், நாலாவது மாதம் வந்தவருக்கும் எங்களால் செய்ய முடிவது ஒன்றல்ல. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் என் கையில் ஒன்றும் இருக்காது, மேலே இருப்பவர்கள் பேசுவார்கள். அதற்கு முன்பு என்றால் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது, சில மாதம் தள்ளி வைக்க மேலிடத்துக்கு எழுதுவது என்று ஏதாவது வழி பார்க்கலாம். அதற்கும் நான் முதலில் கேட்கும் காகிதம், வேலை ஏன் போயிற்று என்று உங்கள் கம்பெனி எழுதிய கடிதம்தான்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. ஒவ்வொருவர் நியமனக் கடிதமும் வேறு மாதிரி. ஏற்கனவே ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்கள், மிரட்டி வாங்கப்பட்டது என்று காட்ட ஈமெயில், மெசேஜ் ஏதாவது இருந்தால், ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள், வேலை பார்த்த ஊரின் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பழைய சட்டத்தில் மூன்று வருடமாக இருந்த கெடு, புதுச் சட்டத்தில் இரண்டு வருடம்.